டிராகனுக்குச் சிறகு உண்டா? புராண உருவங்களை வரைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் படம் வரைகிறோம். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பொடிசு முதல் பணி ஓய்வு பெற்ற தாத்தா வரை இருக்கிறார்கள். வாரத்துக்கு ஓர் உருவம். ஒரு வாரம் யாளி, அடுத்த வாரம் தலையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு திரியும் ஜப்பானியக் கப்பா, அதற்கடுத்து கோழிக்கால் குடிசையில் வாழும் ரஷ்யக் கிழவி பாபா யாகா. எந்த நாட்டுப் பூதத்துக்கும் இங்கே இடமுண்டு. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், வாய் வலிக்கத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. சேரலாமா?

தாராளமாக. 1846ல் ஜப்பானின் ஹிகோ பகுதியில் கடலிலிருந்து ஓர் உருவம் எழுந்து வந்ததாக ஒற்றைத்தாள் செய்தி ஒன்று அச்சானது. பெயர் அமாபியே. நீண்ட கூந்தல், பறவை அலகு, உடம்பெல்லாம் செதில், கீழே மூன்று கால். ஆறு ஆண்டுகளுக்கு நல்ல விளைச்சல் இருக்கும், கொள்ளைநோய் வந்தால் என் படத்தை வரைந்து எல்லாருக்கும் காட்டு என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டதாம். அந்த அச்சுப்படம் இன்றும் இருக்கிறது. பார்த்தால் ஏழு வயதுப் பிள்ளை பள்ளிப் பேருந்து வருவதற்குள் கிறுக்கியது மாதிரி இருக்கும். 2020ல் கோவிட் வந்தபோது அதையே ஜப்பானியர்கள் ஆளாளுக்கு வரைந்தார்கள். சுகாதார அமைச்சின் சுவரொட்டியிலும் அது வந்தது. அமாபியே "வரை" என்றுதான் சொன்னது. "நன்றாக வரை" என்று சொல்லவில்லை.

முதலில் எதை வரைவது?

யாளி. காரணம், உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய கண், கோரைப்பல். ஸ்ரீரங்கம், மதுரை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் காலடியில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். ஆனால் தாளில் வரையச் சொன்னால் எல்லாரும் தலையில் ஆரம்பித்து, தலையை மூன்று தடவை அழித்து, உடம்புக்கு இடமில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். முதலில் முதுகெலும்பை ஒரே வளைவாக இழுங்கள். பின்னங்கால் ஊன்றும் இடத்தைக் குறியுங்கள். தலை கடைசியில் வரட்டும்.

போன ஆண்டு ஒரு பையன், "தும்பிக்கை எதுக்கு அக்கா? சிங்கத்துக்கு வாயே போதுமே" என்று கேட்டான். நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் நான் ஓயாமல் கேட்பதும் அதைத்தான்: இந்த உறுப்பு எதற்கு? கோயில் தூண்களின் படங்களை எடுத்துப் பார்த்தோம். பல தூண்களில் எழும்பி நிற்கும் யாளியின் காலடியில் ஒரு யானை சிறிதாக அடங்கி நிற்கும். யானையையே கீழே போட்டு நிற்கும் பலம் என்பதைச் சிற்பி ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார். பையன் தன் படத்தின் அடியில் பூனைக்குட்டி அளவில் ஒரு யானையை வரைந்தான். அவ்வளவுதான், அதுவரை நாய் மாதிரி இருந்த அவன் யாளி சட்டென்று மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நின்றுவிட்டது. உருவத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அதையே இழுத்து நீட்ட வேண்டாம், பக்கத்தில் தெரிந்த ஒன்றைச் சிறிதாக வையுங்கள்.

உடம்பின் அளவுக்கு ஏதாவது கணக்கு உண்டா?

நம் சிற்பிகளிடம் தாலம் என்ற கணக்கு உண்டு. ஒரு தாலம் என்பது முகத்தின் நீளம். திருமால் போன்ற பெருந்தெய்வத்துக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து. பிள்ளையார் ஏன் குழந்தை மாதிரித் தெரிகிறார் என்பதற்கு விடை அந்த ஐந்தில் இருக்கிறது. எந்த நாட்டு உருவமானாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். குட்டிச்சாத்தான், குள்ளப்பூதம் என்றால் நாலு முகம். பார்த்ததும் கையெடுக்கத் தோன்றவேண்டும் என்றால் ஒன்பதுக்கு மேல்.

டிராகனுக்குச் சிறகு போடலாமா?

யார் வீட்டு டிராகன் என்பதைப் பொறுத்தது. இதில் நான் அடிபட்டுக் கற்றவள். 2024 டிராகன் ஆண்டு. ஒன்பதாம் மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டிக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டையை நானே வரைந்து கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. வௌவால் இறக்கை, வாயிலிருந்து தீ, கீழே புகை. ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, எங்கள் டிராகன் மழை கொடுக்கிறது, நீ வீட்டைக் கொளுத்துகிறதை வரைந்து வந்திருக்கிறாய் என்றார். ஆரஞ்சுப் பழம் இரண்டு கொடுத்து அனுப்பினார். அட்டை அவர் வீட்டுச் சுவரில் ஏறவில்லை.

சீன டிராகன் தண்ணீரின் அதிபதி. மேகம், ஆறு, கடல், மழை எல்லாம் அதன் பொறுப்பு. பொதுவாக இறக்கை கிடையாது, அது இல்லாமலே பறக்கும். பழைய மரபு அதன் உடம்பைத் தெரிந்த விலங்குகளின் துண்டுகளாகவே சொல்கிறது: மான் கொம்பு, ஒட்டகத் தலை, பாம்புக் கழுத்து, கெண்டைமீன் செதில், கழுகு நகம், புலிப் பாதம், மாட்டுக் காது. இதைவிட வசதியான வரைபடக் குறிப்பு உலகத்தில் இல்லை. காலில் எத்தனை நகம் என்பதையும் கவனியுங்கள். மிங், சிங் அரச காலங்களில் ஐந்து நகம் பேரரசருக்கு உரியது. ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று.

எனக்கு மிகப் பிடித்தது தொண்டைக்குக் கீழே இருக்கும் தலைகீழ்ச் செதில். டிராகனைப் பழக்கி முதுகில் ஏறிச் சவாரிகூடச் செய்யலாம், அந்தச் செதிலைத் தொட்டால் மட்டும் ஆள் காலி. அரசனின் கோபத்தைப் பற்றி எச்சரிக்க ஹான் ஃபேய் என்ற பழைய சீன அறிஞர் இதைச் சொன்னார். வரையும்போது மற்ற செதில்களுக்கு எதிர்த்திசையில் அந்தச் செதிலை மட்டும் போட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பேன். கண்டுபிடிக்கிறவர் கண்டுபிடிக்கட்டும்.

ஐரோப்பிய டிராகன் வேறு குடும்பம். அதற்கு நாலு காலும் இரண்டு சிறகும் உண்டு. பிரிட்டிஷ் குலச்சின்ன மரபில் இரண்டே கால் இருந்தால் அதற்கு வைவர்ன் என்று தனிப்பெயர். 1959 முதல் வேல்ஸ் நாட்டின் அதிகாரபூர்வக் கொடியில் இருப்பது நாலுகால் சிவப்பு டிராகன். அந்த வகையை வரையும்போது சிறகை முதுகில் ஒட்டவைத்தது போல் போடாதீர்கள். வௌவாலின் சிறகு அதன் கைதான், விரல்கள் நீண்டு தோல் விரிந்தது. தோள்பட்டையிலிருந்து எலும்பு புறப்பட்டால்தான் பறக்கும் என்று கண் நம்பும்.

செதில் எல்லாவற்றையும் வரைய வேண்டாம். நிழல் விழும் பக்கத்தில் கொஞ்சம், வளைவில் கொஞ்சம். மீதியைப் பார்க்கிறவரின் மூளை நிரப்பிக்கொள்ளும்.

படமே இல்லாத, எழுத்தில் மட்டும் இருக்கும் உருவத்தை எப்படி வரைவது?

இதுதான் எங்கள் வகுப்பில் மிகவும் கலகலப்பான வேலை. நற்றிணையில் அசுணம் என்று ஓர் உயிர் வருகிறது. யாழோசை கேட்டால் மயங்கி அருகில் வரும். வந்ததும் வேட்டைக்காரன் பறையை அடிப்பான். அந்த வன்மையான ஓசை தாங்காமல் உயிரை விட்டுவிடும். இன்பமும் துன்பமும் ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்று காதலனைப் பற்றிச் சொல்ல அந்தப் பாட்டு அசுணத்தைக் கொல்பவர் கையை உவமையாக எடுக்கிறது. அது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விலங்கு என்பார் சிலர், பறவை என்பார் சிலர்.

அதனால் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தோம். காது முக்கியம். உடம்பு மெலிவாக, சட்டென்று நடுங்கும்படி இருக்கவேண்டும். அன்று எட்டுப் பேர் வரைந்ததில் எட்டு அசுணம் வந்தது. ஒருவர் இலை இலையாகக் காது விரிந்த பறவை வரைந்தார். பணி ஓய்வு பெற்ற தாத்தா மானைப் போல் வரைந்து, இரண்டு காதையும் முகத்தின்மேல் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தார். "சத்தம் பிடிக்கலைன்னா மூடிக்கணும்ல?" என்றார். அவர் வேலை பார்த்தது கப்பல் பட்டறையில்.

எதிர்ப்பக்கம் பார்த்தால், கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களை விவரிக்கும் பகுதி இருக்கிறது. ஓவியருக்கு இதைவிடத் தெளிவான உத்தரவு கிடைக்காது. மண்வெட்டியையும் கலப்பையையும் கோத்தது போன்ற பல். பாம்பில் பச்சோந்தியைக் கோத்துக் கட்டிய தாலி. காதுக்குள் ஆந்தை குடியிருக்கிறது, வௌவால் புகுந்து உலாவுகிறது. பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். சிரிப்பை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் வரைந்தால் அது செயங்கொண்டார் பேய் ஆகாது.

விவரிப்பை மட்டும் நம்பி வரைந்தால் தப்பு வராதா என்றால், வரும். 1515ல் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் காண்டாமிருகத்தை நேரில் பார்க்காமலே, லிஸ்பனிலிருந்து வந்த கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து வரைந்தார். உடம்புக்கு இரும்புக்கவசத் தகடுகள் போட்டார். தோளில் இன்னொரு குட்டிக் கொம்பும் முளைத்துவிட்டது. ஐரோப்பா பல தலைமுறைகளுக்கு அதையே காண்டாமிருகம் என்று நம்பியது. நல்ல கை இருந்தால் தப்பும் நிலைத்துவிடும்.

இணையத்தில் தேடி வரும் படத்தைப் பார்த்து வரையலாமா?

பார்க்கலாம், நம்பக்கூடாது. விண்டிகோ என்று தேடிப் பாருங்கள். மான் மண்டையோடு, பெரிய கிளைக்கொம்பு, இருண்ட காடு. கனடாவிலும் வட அமெரிக்கப் பெரும் ஏரிகளைச் சுற்றியும் வாழும் அல்கோன்கியன் மொழி பேசும் மக்களின் பழைய கதைகளில் அந்தக் கொம்பு கிடையாது. அது பனிக்காலப் பஞ்சத்தின் பேய். மனித மாமிசம் தின்றவன் அப்படி ஆகிவிடுவான். எலும்பும் தோலுமாக, பசியில் தன் உதட்டையே கடித்துத் தின்றிருப்பான். தின்னத் தின்ன உடம்பும் வளர்வதால் பசி அடங்கவே அடங்காது. கொம்பை வைத்துவிட்டால் இந்தப் பசி எங்கே தெரியும்? பார்க்கிறவர் கண் கொம்பிலேயே நின்றுவிடும்.

வைக்கிங் வீரர்களின் கொம்புத் தலைக்கவசமும் அந்த மாதிரிதான். அது பரவலானதில் 1876ல் ஜெர்மனியின் பேராய்ட் நகரில் நடந்த இசைநாடகத்துக்காகக் கார்ல் எமில் டொப்ளர் வடிவமைத்த உடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

மெடூசாவை அழகான பெண்ணாக, தலையில் பாம்புகளோடு வரைகிறார்கள். அது பிற்கால வழக்கம். கி.மு. 580ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் சிற்பத்தில் அவள் உருண்ட கண்ணும் துருத்திய நாக்கும் இடுப்பில் பாம்புக் கச்சையுமாக நம்மை நேராக முறைக்கிறாள். அந்தப் படத்தைக் காட்டியதும் ஒரு பிள்ளை, "அக்கா, நம்ம காளி!" என்று கத்தினாள். உறவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நாக்கை நீட்டி முறைத்தால் கெட்டது அண்டாது என்ற யோசனை இரண்டு ஊர்க்காரர்களுக்கும் வந்திருக்கிறது.

என் வழக்கம் இது. ஒரு பழைய படம் அல்லது சிற்பம், இரண்டு எழுத்து விவரிப்பு. இந்த மூன்றையும் பார்த்தபின்தான் மற்றவர்கள் வரைந்ததைப் பார்ப்பேன். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்தால் போதும். கணினியே வரைந்து தரும் படங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை கொம்புள்ள விண்டிகோவைத்தான் திரும்பத் திரும்பத் தரும், ஏனென்றால் தின்றது அதைத்தானே.

பொந்தியானாக் போன்ற பேய்களைப் பிள்ளைகளோடு வரையலாமா? ராத்திரி தூங்க மாட்டார்களே.

வரைந்த பேய் பயமுறுத்துவது குறைவு என்பது என் அனுபவம். தாளில் வந்துவிட்டால் அதற்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. ஆனாலும் பெற்றோரைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

மலாய்க் கதைகளில் வரும் பொந்தியானாக், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண். வெள்ளைத் துணி, நீண்ட கூந்தல், வாழைமரம். பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள். முகத்தை வரையவே வேண்டாம் என்று சொல்லுவேன். வாழை இலையின் கிழிசல்களுக்கு நடுவே கொஞ்சம் கூந்தல் தெரிந்தால் போதும்.

பெனாங்கலான் இன்னும் விசித்திரம். தலை மட்டும் கழன்று குடல் தொங்கத் தொங்கப் பறக்கும். திரும்பி வந்து உடம்புக்குள் புகுவதற்குக் குடலைக் காடியில் ஊறவைத்துச் சுருக்க வேண்டுமாம். அதனால் அவள் மேல் காடி வாசம் வீசும். பிள்ளை பிறக்கும் வீட்டைச் சுற்றி மெங்குவாங் இலை கட்டுவார்கள். குடல் அதன் முள்ளில் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. மெங்குவாங் நம் தாழையின் சொந்தக்காரன்தான். அந்த மடலின் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும். தாய்லாந்தில் கிராசூ, கம்போடியாவில் ஆப், பிலிப்பீன்ஸில் இடுப்போடு பிரிந்து பறக்கும் மனனாங்கால் என்று இவளுக்கு அக்கா தங்கைகள் நிறைய. ஒரே தாளில் எல்லாரையும் வரிசையாக வரைந்தால் கல்யாண வீட்டுக் குடும்பப்படம் மாதிரி வரும். செய்து பார்த்தோம், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தப் பேய்களில் பல பிள்ளைப்பேற்றைச் சுற்றியே வருவதைக் கவனித்திருப்பீர்கள். தாயும் சேயும் பிழைப்பது நிச்சயமில்லாத காலத்துப் பயம் அது. பெரியவர்கள் குழுவில் இதைப் பேசுவோம். பிள்ளைகளிடம் காடி வாசத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

முனீஸ்வரன், பெரியாச்சி இவர்களையெல்லாம் வரையலாமா? கதை எது, சாமி எது?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கோயிலும் பூசையும் இன்று நடக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியது. இன்றும் அங்கே ஆட்கள் புது வாகனத்துக்குப் பூசை போடுகிறார்கள். அவரை மீசை முறுக்கிய பூதமாக விளையாட்டுக்கு வரைந்தால் ஒரு வீட்டில் சாமி படத்துக்கு மேல் கிறுக்கியது போலத்தான். பெரியாச்சியைப் பார்த்தால் உருவம் நடுங்கவைக்கும்: காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த பெண், உயர்த்திய கையில் குழந்தை. ஆனால் நம் ஊரில் பிள்ளை பிறந்து முப்பது நாள் கழித்து அவளிடம்தான் முதலில் தூக்கிப் போகிறார்கள். அந்தப் பக்கம் தெரியாமல் ரத்தத்தை மட்டும் வரைகிறவர் அவளை வரையவில்லை.

வரையாதே என்று நான் சொல்வதில்லை. என் வீட்டிலேயே காரைக்கால் அம்மையாரை வரைந்து மாட்டியிருக்கிறேன். வற்றிய மார்பு, குழி விழுந்த வயிறு, நீண்ட பல் என்று தன் பேயுருவைப் பாடியவர் அவரே. அழகாக்கி வரைந்தால்தான் அவருக்கு அவமரியாதை.

பிறர் வீட்டுச் சாமி என்றால் இன்னும் கவனம். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் பாறைகளில் வாண்ட்ஜினா என்ற மழைத் தெய்வங்களின் படங்கள் உண்டு. பெரிய கண், தலையைச் சுற்றி ஒளிவட்டம், வாய் கிடையாது. வாய் வைத்தால் மழை நிற்காது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். வொரோரா, ஙாரின்யின், வுனம்பல் மக்களுக்கே அவற்றை வரைய உரிமை. பாறையில் மங்கிய படத்தைப் புதுப்பிக்கும் கடமையும் அவர்களுடையதே. அதனால் எங்கள் வகுப்பில் வாண்ட்ஜினாவைப் பார்ப்போம், பேசுவோம், பென்சிலைக் கீழே வைத்துவிடுவோம். முதல்முறை ஒரு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். உன் தங்கை உன் நோட்டில் எழுதினால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். சரி என்று கப்பாவுக்குப் போய்விட்டான்.

ஒரே உருவம் பல நாடுகளில் இருக்கிறதே, எதை வரைவது?

எல்லாவற்றையும். இங்கே ஹவ் பர் வில்லா என்ற சிலைத் தோட்டத்தின் பத்து நரக மன்றங்களில் ஐந்தாவதற்கு நீதிபதி யார் தெரியுமா? நம்ம எமன். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் யென்லுவோ என்று பெயர் மாறி, எருமையை விட்டுவிட்டு, சீன அதிகாரியின் அங்கியைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். சித்திரகுப்தன் வேலையைப் பார்க்கக் குமாஸ்தாக்களும் உண்டு. சீனர்களின் ஏழாம் மாதப் பசிப்பேய்களுக்கும் நம் பக்கத்துச் சொந்தம் இருக்கிறது. ஊசித்துளைத் தொண்டையும் பானை வயிறுமாகச் சொல்லப்படும் பிரேதங்கள் அவை. அந்த இரண்டு அளவுகளிலேயே முழுக்கதையும் இருக்கிறது: வயிறு கேட்கிறது, தொண்டை விடவில்லை.

கருடன் தாய்லாந்து, இந்தோனேசியா இரண்டின் தேசியச் சின்னத்திலும் இருக்கிறார். தாய்லாந்தில் பாதி மனிதர், இந்தோனேசியாவில் முழுப் பறவை.

ஆனால் எனக்குத் தெரிந்ததில் மிக நீண்ட பயணம் மாமி வாட்டாவுடையது. மேற்கு ஆப்பிரிக்காவின் நீர்த்தெய்வம். கழுத்தில் பாம்பைச் சுற்றிய, அடர்ந்த கூந்தல்காரியாக அவளை வரைகிறார்களே, அந்த உருவம் 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் விளம்பரப் படம். கப்பலில் ஆப்பிரிக்கா போனது, மக்கள் தங்கள் நீர்த்தெய்வத்தை அதில் கண்டுகொண்டார்கள். 1955ல் அதே படத்தைப் பம்பாயில் ஒரு காலண்டர் கம்பெனி 12,000 பிரதி அச்சிட்டு அனுப்பியது. அந்த வழியாக நம் காலண்டர் சாமிகளும் அங்கே போய்ச் சேர்ந்து, சில இடங்களில் மாமி வாட்டா வழிபாட்டில் இடம் பிடித்தார்கள். நம் மனதில் இருக்கும் முருகன் முகமே கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டருக்கு வரைந்த முகந்தானே. அப்படியிருக்க, எது அசல் உருவம் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

மெர்லயன் பழங்கதை உயிரினமா? வரைந்து விற்கலாமா?

பழங்கதை இல்லை. சிங்கத் தலையும் மீன் உடம்புமாக இருக்கும் மெர்லயன், 1964ல் பயணத்துறைக்கான சின்னமாக ஃப்ரேசர் புரூனர் என்பவர் வடிவமைத்தது. அவர் வான் கிளீஃப் மீன்காட்சியகத்தின் காப்பாளர், மீன் ஆராய்ச்சியாளர். பாதி உடம்பு மீனாகிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. லிம் நாங் செங் செதுக்கிய 8.6 மீட்டர் சிலை 1972 செப்டம்பர் 15ல் திறக்கப்பட்டது. 2002ல் இப்போதைய இடத்துக்கு நகர்ந்தது. மெர்லயன் சின்னத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தச் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும். டி சட்டையில் அச்சடிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அதைவிட, இந்த ஊருக்கு வந்த இளவரசர் சாங் நீல உத்தமா பார்த்ததாகச் செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூல் சொல்லும் விலங்கை வரையுங்களேன். உடல் சிவப்பு, தலை கறுப்பு, மார்பு வெள்ளை, ஆட்டுக்கடாவைவிடச் சற்றுப் பெரியது. பிடரிமயிர் பற்றிப் பேச்சே இல்லை. சொன்னபடி வரைந்தால் சிங்கம் வராது. இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த விலங்கை இப்படி வரைந்து காட்டினால் பெரியவர்களே நம்ப மறுப்பார்கள்.

மற்றபடி புராணம் யாருக்கும் சொந்தமில்லை, ஒருவர் அதற்குக் கொடுத்த வடிவம் அவருக்குச் சொந்தம். இங்கே ஓவியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கடல்கன்னியை வரைந்து விற்கலாம். சினிமாக் கம்பெனியின் கடல்கன்னியை விற்கக்கூடாது.

சிங்கப்பூரில் எங்கே உட்கார்ந்து வரையலாம்?

ஹவ் பர் வில்லா. 1937ல் டைகர் பாம் புகழ் ஆவ் பூன் ஹாவ் தன் தம்பிக்காகக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள். தோட்டத்துக்கு நுழைவு இலவசம், நரக மன்றங்கள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மட்டும் கட்டணம். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் சிமெண்டிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும். அங்கே மனிதத் தலையோடு ஒரு நண்டு உண்டு. எங்கள் தாத்தா அதன் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு ஒரு முழுக் காலையும் உட்கார்ந்தார். கால்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று பிடிபடவில்லை. கடைசியில் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். சிலையை வரைவதில் அந்த வசதி இருக்கிறது, சுற்றி வரலாம்.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். அங்கே இருக்கும் செட்டிநாட்டு மரக்கதவு நிலையில் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்குகள் உண்டு. ஒரு சாண் பகுதியை எடுத்து வரைந்தாலே ஒரு மாதம் ஓடிவிடும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம்.

தேசிய அரும்பொருளகத்தில், பழைய எழுத்து பொறித்த சிங்கப்பூர்க் கல். 1843ல் வெடிவைத்துத் தகர்த்ததில் மிஞ்சிய துண்டு. அதைப் பலசாலி பாடாங் எறிந்த கல் என்று கதை. மீனைத் திருடிய பூதத்தைத் தாடியைப் பிடித்து அமுக்கி, அதன் வாந்தியைத் தின்று பலம் பெற்றவன் அவன். பிள்ளைகள் வாந்தியைத்தான் முதலில் வரைவார்கள். விட்டுவிடுங்கள்.

கோயில்களில் வரைய வேண்டுமானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூசை நேரத்தில் வேண்டாம்.

என்ன பொருள்கள் வேண்டும்?

2பி பென்சில், அழிப்பான், கறுப்புத் தூரிகைப் பேனா. நீர்வண்ணம் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள். அதைவிட மெல்லியது நம் ஊர் ஈரக்காற்றில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். எல்லாம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் கிடைக்கும். முடிந்த படங்களை அலமாரியில் வைக்கும்போது மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கூடவே போடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் உங்கள் டிராகனுக்குப் பூஞ்சை பிடிக்கும்.

மழை பெய்தால் வகுப்பு உண்டா?

உண்டு, கீழ்த்தளம்தானே. போன டிசம்பரில் மூன்று ஞாயிறு தொடர்ந்து மழை. மூன்று ஞாயிறும் நாங்கள் சீன டிராகனைத்தான் வரைந்துகொண்டிருந்தோம், இறக்கை இல்லாமல், மேகத்தோடு, முறைப்படி. மூன்றாவது வாரம் ஒன்பதாம் மாடி ஆன்ட்டி கீழே இறங்கி வந்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இப்போது சரியாக இருக்கிறது என்றார். அப்புறம், நாலு நாளாக மூங்கில் கழியில் ஒரு துணியும் காயவில்லை, அடுத்த வாரம் தயவுசெய்து வேறு ஏதாவது வரையுங்கள் என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குப் போனார்.